கணக்கும் கண்ணும் – சுக்கிரன் சூரியனைக் கடந்த வரலாறு

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எமது சங்க அன்பர்கள் பலர் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "சனிப்பெயர்ச்சி இந்த வருஷமா, அடுத்த வருஷமா?" திருக்கணித பஞ்சாங்கம் மார்ச் 29ஆம் திகதி சனி பகவான் கும்ப ராசியை விட்டு மீன ராசிக்குப் பெயர்கிறார் என்றது. வாக்கிய பஞ்சாங்கமோ 2026 மார்ச் மாதத்திலேதான் என்றது. திருநள்ளாற்று ஆலயத்தாரும் தாம் பின்பற்றுவது வாக்கியமே என்று அறிவித்தார்கள். வானத்தில் இருப்பது ஒரே ஒரு சனிக்கிரகம். அதன் பெயர்ச்சியில் ஏறத்தாழ ஓராண்டு வித்தியாசம் எப்படி வந்தது?

எந்தப் பஞ்சாங்கத்தைக் கைக்கொள்வது என்று தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. அது ஆலயங்களும் ஆசாரியர்களும் முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் கணக்கும் கண்ணும் ஒன்றையொன்று சோதித்துப் பார்த்த ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி நாம் வாழும் இந்த இங்கிலாந்திலே நிகழ்ந்தது. வேறொரு பகுதி புதுச்சேரியிலும் சென்னையிலும் நிகழ்ந்தது. அதனை அறிந்து கொண்டால் மேற்படி கேள்வியை நாம் சற்று நிதானமாக நோக்கலாம்.

சூரியனில் ஒரு கரும்பொட்டு

2004ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் திகதியை அன்பர்கள் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று காலை 6.20 மணியளவில் தொடங்கிப் பகல் 12.24 மணியளவில் முடியும் வரை, சுக்கிரன் சூரியனின் குறுக்கே கடந்து சென்றது இந்நாட்டிலே தெளிவாகத் தெரிந்தது. நான் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறிய இருகண் நோக்கியைத் தாங்கியில் பூட்டி, அதன் வழியே சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையின்மீது விழச் செய்தேன். பிம்பத்தின் ஓரமாக ஒரு கரும்பொட்டு, மிளகு போல உருண்டையாக, மெல்ல நகர்ந்தது.

அப்போது எங்களுடன் வந்து தங்கியிருந்த என் தாயார் அட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, சுக்கிரன் அஸ்தமனத்தில் இருக்கிற காலமல்லவா இது? அஸ்தமித்த சுக்கிரனை எப்படிக் காண முடியும்?" என்று கேட்டார். படிப்பு அதிகம் இல்லாத என் தாயாரின் கேள்வி மிகச் சரியான கேள்வி. சூரியனுக்கு மிக அருகே வரும்போது சுக்கிரன் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. அதையே சுக்கிர அஸ்தமனம் என்கிறோம். விவாகம் முதலிய சுபகாரியங்களை அக்காலத்தில் தவிர்க்கிறோம். அந்த அஸ்தமனத்தின் நடுவிலே, சுக்கிரன் வக்கிர கதியில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் வருகின்றது. வழக்கமாகச் சூரியனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ ஒதுங்கிப் போய்விடும். ஏனெனில் அதன் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 3.4 பாகை சாய்ந்திருக்கிறது. மிக அபூர்வமாக மாத்திரம் மூன்றும் ஒரே கோட்டில் அமைகின்றன. அப்போது அஸ்தமித்த சுக்கிரனே சூரியனின் முகத்தில் கரும்பொட்டாகக் காட்சி தருகிறது. அதன் அகலம் சூரிய பிம்பத்தின் அகலத்தில் சுமார் 32இல் ஒரு பங்கு.

இக்கடப்பு எட்டாண்டு இடைவெளியில் இரண்டு தரம் நிகழும். பின் நூறாண்டுக்கு மேல் நிகழாது. 1631, 1639, 1761, 1769, 1874, 1882, 2004, 2012 என்பன தொலைநோக்கி தோன்றிய பின் வந்த கடப்புகள். அடுத்தது 2117ஆம் ஆண்டு டிசம்பரில்தான். இக்கட்டுரையைப் படிக்கும் எவரும் அதைக் காணப் போவதில்லை.

இருபது வயது இளைஞன்

முதன்முதலில் இதனைக் கண்டவர், நமக்குத் தெரிந்தவரை, இந்நாட்டவரே. ஜெர்மானியக் கணித மேதை கெப்ளர் தமது அட்டவணைகளைக் கொண்டு 1631இல் கடப்பு நிகழும் என்று முன்கூட்டியே சொன்னார். அது நிகழ்ந்தபோது ஐரோப்பாவிற் பெரும்பகுதியில் இரவு; எவரும் கண்டதாகத் தெரியவில்லை. அடுத்த கடப்பு 1761இல் என்பது அவர் கணக்கு. ஆனால் லங்காஷயரிலே ஜெரமையா ஹொரொக்ஸ் என்ற இளைஞர், சுமார் இருபது வயதினர், கெப்ளரின் அட்டவணைகளைத் தாம் கண்ணால் கண்ட கிரக நிலைகளுடன் ஒப்பிட்டுத் திருத்தினார். திருத்திய கணக்கு, 1639இலேயே இன்னொரு கடப்பு உண்டு என்றது.

இன்றைய நாட்காட்டிப்படி 1639 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. பிரெஸ்ரன் நகருக்கு அண்மையில் உள்ள மச் ஹூல் கிராமத்தில், இருட்டறையில் தொலைநோக்கி வழியாகச் சூரிய பிம்பத்தைக் காகிதத்தில் விழச் செய்து அவர் காத்திருந்தார். பிற்பகல் 3.15 மணிக்கு மேகம் விலகியது. காகிதத்தில் சுக்கிரன் தெரிந்தது. சூரியன் மறையும் வரை அரைமணி நேரம் அவருக்குக் கிடைத்தது. முன்னரே அவர் கடிதம் எழுதித் தெரிவித்திருந்த நண்பர் வில்லியம் கிராப்ட்ரீ மான்செஸ்டருக்கு அண்மையில் மாலைவரை மேகத்தையே பார்த்திருந்து, கடைசிச் சில நிமிடங்கள் மாத்திரம் கண்டார். கண்ட ஆனந்தத்தில் அளவெடுக்கவும் மறந்து நின்றுவிட்டார். உலகில் அன்று அக்காட்சியைக் கண்டதாகத் தெரிய வருபவர்கள் இவ்விருவரே. ஹொரொக்ஸ் 1641 ஜனவரியில் இளமையிலேயே காலமானார்.

ஹாலியின் யோசனை

வால்வெள்ளியால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி 1716இல் ஒரு யோசனையை வெளியிட்டார். கையை நீட்டிக் கட்டைவிரலை ஒரு கண்ணால் பார்த்து, பின் மறு கண்ணால் பார்த்தால், விரல் பின்னாலுள்ள சுவரில் இடம் மாறுவது போலத் தெரியும். அந்த மாற்றத்தை அளந்தால் விரல் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கணக்கிடலாம். அவ்வாறே, பூமியின் இரு கோடிகளில் நிற்பவர்கள் பார்க்கும்போது சுக்கிரன் சூரியனில் சற்று வேறான பாதையில் கடப்பதாகத் தோன்றும். கடக்கும் நேரமும் வேறுபடும். கிரகங்களின் தூரங்கள் ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்பது கெப்ளரின் விதியால் அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் ஒன்றினதேனும் உண்மைத் தூரம் சரியாகத் தெரியவில்லை. சுக்கிரக் கடப்பு அதனைத் தரும் என்றார் ஹாலி. தாம் அதுவரை வாழப் போவதில்லை என்பதை அறிந்தே பின்வருவோருக்கு அவர் அதனை விட்டுச் சென்றார். 1742இல் காலமானார்.

அவர் சொற்படி 1761இலும் 1769இலும் ஐரோப்பிய நாடுகள் தங்கள் அறிஞர்களை உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பின. பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதற்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டார்.

புதுச்சேரியில் ஒரு மேகம்

அவர் பெயர் கியோம் லெ ஜாந்தி. 1760 மார்ச் 26ஆம் திகதி பிரான்ஸ் தேசத்தின் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பலேறினார். அப்போது ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கடும் யுத்தம். இன்று மொறீசியஸ் எனப்படும் தீவில் பல மாதம் தங்க நேர்ந்தது. 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்து, மே மாதம் மலையாளக் கரையை அணுகியபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது என்ற செய்தி வந்தது. நகரம் அவ்வாண்டு ஜனவரியிலேயே சரணடைந்திருந்தது. நாட்குறிப்பால் நமக்கு அந்நகரின் வாழ்வைக் காட்டிய ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்னரே காலமாகியிருந்தார்.

கப்பல் திரும்பிற்று. 1761 ஜூன் 6ஆம் திகதி, நடுக்கடலில், தெளிந்த வானத்தில், லெ ஜாந்தி சுக்கிரக் கடப்பைக் கண்டார். கண்டும் பயனில்லை. ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. நிற்கும் இடமும் திட்டமாகத் தெரியாது. அதே நாளில் சென்னையில் வில்லியம் ஹேர்ஸ்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார் கவர்னர் மாளிகையிலிருந்து அக்காட்சியைக் கண்டு குறித்து அனுப்பினார்.

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். இவரோ எட்டு ஆண்டு காத்திருந்து அடுத்த கடப்பையும் பார்ப்பது என்று தீர்மானித்தார். மடகாஸ்கர் கரையை அளந்து வரைபடம் செய்தார். 1766இல் மணிலா சென்றார். அங்கிருந்தே பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். பாரிஸ் கழகத்தார் புதுச்சேரிக்கே போகச் சொன்னார்கள். சமாதான உடன்படிக்கையால் நகரம் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. 1768 மார்ச் 27இல் அவர் வந்திறங்கியபோது ஊர் இடிபாடாகவே கிடந்தது. இடிந்த கோட்டையின்மீது கவர்னர் லோ அவருக்கு ஓர் அவதான நிலையம் கட்டிக் கொடுத்தார். அதன் கீழறையில் வெடிமருந்து சேமித்து வைக்கப்பட்டிருந்தது. ஊரை இடித்த ஆங்கிலேயரே சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்கு இரவலாக அனுப்பினார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது.

1769 மே மாதம் முழுவதும் காலை வானம் நிர்மலமாக இருந்தது. ஜூன் 3ஆம் திகதி மாலையும் அவ்வாறே. மறுநாள் உதயத்தில் சூரியன் சுக்கிரனைத் தாங்கியே எழும். சிறிது நேரத்தில் கடப்பு முடிந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு விழித்தெழுந்து பார்த்தால் எங்கும் மேகம். விடியலில் காற்று வீசி மேகத்தை இன்னும் திரட்டியது. கடப்பு முடிந்த பின்னரே சூரியன் வெளிப்பட்டு, அன்று முழுவதும் பிரகாசித்தது. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்பது பின்னர் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பேனாவைப் பிடிக்கவும் மனம் வரவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நோயுற்று, புயலில் அகப்பட்டு, 1771 அக்டோபரில் பிரான்ஸ் எல்லையை மிதித்தபோது, அவர் தாய்நாட்டை விட்டு 11 வருடம் 6 மாதம் 13 நாள் ஆகியிருந்தது. ஊரில் அவர் இறந்துவிட்டதாகவே கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். கழகத்தில் அவர் ஆசனமும் வேறொருவருக்குப் போயிருந்தது.

சோழிகளால் ஒரு கிரகணம்

இத்துடன் கதை முடிந்திருந்தால் இது ஒரு துரதிர்ஷ்டசாலியின் கதையாக மாத்திரம் இருந்திருக்கும். ஆனால் புதுச்சேரியில் இருந்த இரண்டு ஆண்டுகளில் லெ ஜாந்தி இன்னொரு காரியமும் செய்தார். தமிழர்கள் கிரகணத்தை எவ்வாறு கணிக்கிறார்கள் என்று கேட்டுப் படித்தார். அவர் கண்டு வியந்தது இது: எழுதுகோலும் காகிதமும் இல்லை. தரையிலோ பலகையிலோ சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை இடம் மாற்றி, விரைவாகவும் எளிதாகவும் கணித்துவிடுகிறார்கள்.

நமது வாக்கிய முறை அதுதான். 248 நாட்களுக்கு ஒருமுறை சந்திரனின் வேக மாற்றம் ஏறக்குறைய அதே ஒழுங்கில் திரும்ப வருகிறது. அந்த 248 நாட்களுக்கும் 248 வாக்கியங்கள். வாக்கியத்தின் எழுத்துக்களே எண்கள். எண்கள் சந்திரன் நின்ற இடம். ஆகாயத்தின் அட்டவணையை ஒரு மனிதன் நாவிலே சுமந்து கொண்டிருந்தான்.

1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை லெ ஜாந்தி சோதனைக்கு எடுத்துக்கொண்டார். கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவின் மிகச் சிறந்த சந்திர அட்டவணை டோபியாஸ் மாயர் என்பவருடையது. அதற்காக ஆங்கில அரசு அவர் மனைவிக்கு 3,000 பவுண் பரிசளித்திருந்தது. அந்த அட்டவணை 68 வினாடி கூட்டிச் சொன்னது. இதனை மறைக்காமல் லெ ஜாந்தி தம் நூலில் எழுதினார்.

இதைப் படிக்கும்போது நமது மார்பு விம்முவது இயல்பே. ஆயினும் அடுத்த பக்கத்தையும் நாம் படிக்க வேண்டும். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1825இல், ஜோன் வாரன் என்பவர் அதே புதுச்சேரியில் இன்னொரு பஞ்சாங்கக் கணிதரைக் கொண்டு, அதே சோழிகளால், அவ்வாண்டு மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணிப்பித்தார். இம்முறை கிரகண ஆரம்பத்தில் 4 நிமிடமும், மத்தியில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை. கணித்தவர் முறையை ஓர் அட்சரமும் பிசகாமல் அறிந்திருந்தார்; அந்த முறை எதனால் அவ்வாறு அமைந்தது என்பதை அறியவில்லை. ஒரு கிரகணத்தில் பொருந்தியது இன்னொன்றில் பொருந்தவில்லை. நாளுக்கு ஒரு வினாடி பிந்தும் கடிகாரத்தை ஒருநாள் பார்த்தால் பிழை தெரியாது. பல தலைமுறை திருத்தாமல் விட்டால் அது வேறு நேரத்தைக் காட்டும். இரு பஞ்சாங்கங்களும் சனிப்பெயர்ச்சியில் ஓராண்டு வேறுபடுவதற்கு முதற்காரணம் இதுவே.

சென்னையில் ஓர் ஆசாரியார்

1874 டிசம்பர் 9ஆம் திகதி மறுபடியும் கடப்பு வந்தது. இம்முறை அதை மக்களுக்கு எடுத்துச் சொன்னவர் நம்மவர். சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் முதல் உதவியாளராக இருந்தவர். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். 1867இல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் இலண்டன் ராஜாங்க வானசாஸ்திர சங்கத்தின் அங்கத்தவராகத் தெரிவானார். அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே.

கடப்பு வரப் போவதை அறிந்து அவர் ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் மாத்திரமல்ல, கன்னடம், உருது முதலிய நம் மொழிகளிலும் அது வெளிவந்தது. பழைய முறையில் கற்ற சித்தாந்தி ஒருவர் கேட்க, நவீன வானசாஸ்திரி விடை சொல்லும் சம்பாஷணையாக அதனை அமைத்தார். சித்தாந்தியை அவர் பரிகசிக்கவில்லை. உமது கணக்கைக் கொண்டு வாரும், இந்தத் தொலைநோக்கியில் பாரும், இரண்டும் ஒத்துப் போகின்றனவா என்று பார்ப்போம் என்பதே அவர் நோக்கு. அதே நோக்கத்தோடு அவர் திருக்கணித பஞ்சாங்கமும் வெளியிட்டார். அதனால் எதிர்ப்பும் பெற்றார். 1880இல் காலமானார்.

திருக்கணிதம் என்பது வெள்ளைக்காரன் தந்த சரக்கு என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. கண்ணால் கண்டதுடன் ஒத்த கணிதம் என்பதே அச்சொல்லின் பொருள். கேரளத்துப் பரமேஸ்வரர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிரகணங்களைத் தம் கண்ணால் அவதானித்துப் பழைய கணக்குகளைத் திருத்தி, அப்பெயரிலேயே ஒரு நூலை 1431இல் இயற்றினார். அது ஹொரொக்ஸ் பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முந்தியது. தொலைநோக்கியே இல்லாத காலம். ஆகவே வாக்கியத்தை மனப்பாடமாகக் காத்ததும் நம் மரபு. பார்த்துத் திருத்தியதும் நம் மரபு. முன்னது இல்லாவிடில் திருத்துவதற்கு ஒன்றும் இராது. பின்னது இல்லாவிடில் காத்தது பயன் தராது.

நாம் செய்யக்கூடியது

அக்கடப்புகளால் உலகம் பெற்ற பயனையும் சொல்ல வேண்டும். 1769இல் பல நாட்டவர் எடுத்த அளவுகளைச் சேர்த்து ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் தோமஸ் ஹோண்ஸ்பி 1771இல் சூரியனின் சராசரித் தூரம் 93,726,900 மைல் என்று கணித்தார். இன்று நாம் அறிந்திருப்பது சுமார் 92,956,000 மைல். நூற்றில் ஒரு பங்குப் பிழைகூட இல்லை. மேகத்தால் தோற்ற லெ ஜாந்தி அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. ஆயினும் தமிழரின் கணிதத்தை ஐரோப்பிய அறிஞர் உலகு அறியச் செய்தவர்களில் முன்னின்றவர் அவரே.

என் தாயார் இப்போது இல்லை. அன்று அவர் கேட்டது போன்ற கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள் நம் சங்கத்தில் இன்று எத்தனை பேர்? அஸ்தமனம் என்ற சொல் தெரிந்த பெரியோருக்கு வானத்தைக் காட்டுவார் இல்லை. தொலைநோக்கி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அச்சொல் தெரியவில்லை. இந்த இடைவெளிதான் கவலைக்குரியது. எந்தப் பஞ்சாங்கம் என்பது அதற்கு அடுத்ததே.

சுக்கிரக் கடப்பை நாம் இனிக் காண முடியாது. ஆனால் புதன் கடப்பு உண்டு. 2032ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி, சனிக்கிழமை, புதன் சூரியனைக் கடக்கும். இந்நாட்டில் சூரியன் உதிக்கும்போதே கடப்பு தொடங்கியிருக்கும். முற்பகல் 11 மணிக்குச் சற்றுப் பின்வரை காணலாம். தாயகத்திலே நண்பகலில் தொடங்கி மாலைவரை முழுவதும் தெரியும். புதன் மிகச் சிறியது. சூரிய விட்டத்தில் சுமார் 190இல் ஒரு பங்கே. ஆதலால் தொலைநோக்கி அவசியம். எக்காரணம் கொண்டும் சூரியனை நேராகவோ தொலைநோக்கி வழியாகவோ கண்ணால் பார்க்கலாகாது, பார்வை போய்விடும். பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழச் செய்தோ, அதற்கென்றே செய்த சூரிய வடிகட்டியைத் தொலைநோக்கியின் முகப்பில் பொருத்தியோதான் பார்க்க வேண்டும்.

அன்று காலைப் பூசை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஒரு வெள்ளை அட்டையும் ஒரு தொலைநோக்கியும் வைக்கச் சங்கம் இப்போதே எண்ணி வைக்கலாம். பக்கத்தில் இரு பஞ்சாங்கங்களையும் விரித்து வைப்போம். புதன் அன்று எங்கே நிற்கிறது என்று இரண்டும் சொல்வதைப் பிள்ளைகளே வாசிக்கட்டும். பின் அட்டையைப் பார்க்கட்டும். மேகம் மறைத்தால், புதுச்சேரியில் ஒருவர் எட்டு ஆண்டு காத்திருந்த கதையை அவர்களுக்குச் சொல்லலாம்.